நாலரை மணி உத்தமன்

இந்தக் காலத்து ஜனங்களுக்குத் தூங்கி எழுந்திருக்கக்கூட ஒரு காகிதம் வேண்டியிருக்கிறது. பல் தேய்க்க ஒரு நேரம், பால் காய்ச்ச ஒரு நேரம் என்று எழுதி ஒட்டிவிட்டு, அதைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். பசிக்கிறதா என்று வயிற்றைக் கேட்பதில்லை, சுவரைக் கேட்கிறார்கள். ஆஸ்டின் டவுன் சந்தில் இருக்கும் தன் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவிலேயே அப்படி ஒரு காகிதத்தைப் பார்த்த அன்று உத்தமன் இப்படித்தான் பொருமினார்.

உத்தமனுக்கு எழுபத்திரண்டு வயது. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் முப்பத்தெட்டு வருஷம் நின்றபடியே உழைத்தவர். அந்தப் பட்டறைச் சுவரில் ஒட்டிய நோட்டீஸில் சொன்னது ஒன்றாவது நடந்து அவர் பார்த்ததில்லை. ‘எழுதி ஒட்டறவன் செய்யமாட்டான், செய்யறவன் எழுதி ஒட்டமாட்டான்’ என்பது அவர் கண்டுகொண்ட உண்மை.

அவருக்கு ஒரு பெருமை உண்டு. மழையோ குளிரோ, காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, சந்தில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறது, எந்த வீடு இன்னும் இருட்டு என்று பார்ப்பார். ஏழு மணிக்குக் கொட்டாவி விட்டுக்கொண்டு வெளியே வருகிறவனிடம், “என்னப்பா, மத்தியானம் ஆயிடுச்சா?” என்பார்.

நாலரைக்கு எழுகிறவருக்கு எழுந்ததும் வெந்நீர் வேண்டும், வெந்நீருக்குப் பிறகு காபி வேண்டும், காபிக்குப் பிறகு சர்க்கரை மாத்திரையும் அதை விழுங்க இரண்டு இட்லியும் வேண்டும். ஆகவே அவர் நாலரைக்கு எழுந்தால் மருமகள் பார்கவி நாலு மணிக்கு எழவேண்டும். இந்தக் கணக்கு மட்டும் அவர் மனசில் ஒருநாளும் ஏறியதில்லை.

பார்கவி காலை எட்டரைக்கு இரண்டு அபார்ட்மெண்ட் வீடுகளில் சமையல் வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் நரேஷ் ஒரு கம்பெனியில் இரவு செக்யூரிட்டி, வீடு வந்து சேரக் காலை ஏழாகும். மகள் கிருத்திகா ஐந்தாம் வகுப்பு. இவ்வளவுக்கும் நடுவில் பார்கவிக்கு ஓர் ஆசை வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டக் கற்றுக்கொண்டு, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சவாரி ஓட்டவேண்டும். அடுப்படியில் நின்று நின்று கால் வீங்குவது போதும் என்று நினைத்தாள்.

பக்கத்துத் தெரு டோரீன் பன்னிரண்டு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில் பெண்களுக்குக் காலை ஆறிலிருந்து ஏழு வரை கற்றுத் தருகிறாள். ஏழுக்கு மேல் அவள் பிழைப்பை அவள் பார்க்கவேண்டும். ஒரு தடவைக்கு ஆறே பேர். மூன்று நாள் வராவிட்டால் பேரை அடித்துவிட்டு, காத்திருக்கும் அடுத்தவளைச் சேர்த்துவிடுவாள். பிறகு ஆறு மாசம் கழித்துத்தான் இடம் கிடைக்கும். பார்கவிக்கு ஏற்கெனவே இரண்டு நாள் போயிருந்தது. ஒருநாள் குழாயில் தண்ணீர் தாமதமாக வந்தது. இன்னொரு நாள் உத்தமனின் மாத்திரை அட்டையைக் காணவில்லை என்று வீட்டையே தலைகீழாகப் புரட்டினார்கள். அட்டை அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

அதற்குப் பிறகுதான் கிருத்திகா அம்மாவின் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் ஒரு பெண் ஐந்து மணிக்கு எழுந்து எலுமிச்சைத் தண்ணீர் குடித்து, யோகா செய்து, டைரி எழுதி, அதனால்தான் வாழ்க்கையில் முன்னேறினேன் என்றாள். பார்கவி கடைசி வரைக்கும் பார்த்துவிட்டு, “இவங்க வீட்ல தண்ணி யாருடி புடிக்கறாங்க?” என்று கேட்டுச் சிரித்தாள். சிரித்துவிட்டு, நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துத் தானே எழுதினாள். நேரம், வேலை என்று கோடு போட்டவள், பக்கத்தில் ‘யார்’ என்று இன்னொரு கோடும் போட்டாள்.

ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்த அந்தத் தாளை உத்தமன் எழுத்துக் கூட்டிப் படித்தபோது அந்தக் கோட்டுக்குக் கீழேதான் தன் பேரைக் கண்டார்.

“ஏம்மா, இதுல என் பேரு எதுக்கு?”

“தண்ணி புடிக்கறதுக்கு மாமா.”

“நானா? நான் நாலரைக்கே எழுந்திரிக்கறவன். என்னைப் போய்ப் பேப்பர்ல எழுதி எழுப்பறியா?”

“எழுப்பல மாமா. முழிச்சிருக்கறவருக்கு ஒரு வேலை குடுத்தேன், அவ்வளவுதான்.”

“தாத்தா, உனக்கு நாலு வேலை, எனக்கு ரெண்டு, அப்பாவுக்கு ரெண்டு, அம்மாவுக்கு ஏழு” என்றாள் கிருத்திகா. “நேத்து வரைக்கும் அம்மாவுக்குப் பதினஞ்சு. நான் எண்ணிப் பாத்தேன்.”

“முப்பத்தெட்டு வருஷம் டூட்டி பாத்து முடிச்சவன் நான். இனிமே எனக்கு டூட்டி போட நீ எந்த ஊர் சூப்பர்வைசரு?”

பேத்தி வாய் பேசினால் அவருக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும். ஆனால் தண்ணீர் பிடிப்பதென்பது வேறு விஷயம். ஆண்பிள்ளை தெருக் குழாயடியில் டியூபைப் பிடித்துக்கொண்டு நின்றால் சந்து என்ன சொல்லும்?

வியாழக்கிழமை தண்ணீர் நாள். ஐந்து மணிக்கு வரவேண்டிய தண்ணீர் ஐந்தரைக்குத்தான் வந்தது, அதுவும் நூல் மாதிரி. பார்கவி சமையலை முடித்து, டிபன் பாக்ஸைக் கட்டி வைத்து, சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு ஆறுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வெளியே வந்தாள். நீல டிரம் பாதிதான் நிரம்பியிருந்தது.

“மாமா, இது ரொம்பினதும் டியூபை அடுத்த டிரம்முல போடுங்க. கிருத்திகாவை ஆறேகாலுக்கு எழுப்பிடுங்க. இன்னிக்கு நான் போகலைன்னா என் பேரு போயிடும்.”

பதிலுக்குக் காத்திருந்தால் மாட்டேன் என்பார் என்று தெரிந்தவள், காத்திருக்காமல் ஓடினாள்.

உத்தமன் நாற்காலியை விட்டு அசையவில்லை. டிரம் நிரம்ப நிரம்பத் தண்ணீரின் சத்தம் மெலிந்துகொண்டே வந்தது. இயந்திரச் சத்தத்தோடு வாழ்ந்த காது அது, எப்போது விளிம்பைத் தொடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் உட்கார்ந்திருந்தார். சொன்னவுடன் செய்துவிட்டால் நாளைக்குச் சட்டமாகிவிடாதா? தண்ணீர் பொங்கி, படியிறங்கி, சந்தில் ஓடி, எதிர்வீட்டு லட்சுமம்மா அப்போதுதான் போட்டு முடித்த ரங்கோலியின் மேல் ஏறியது.

லட்சுமம்மாவுக்குத் தாய்மொழி கன்னடம். நாற்பது வருஷமாக அந்தச் சந்தில் திட்டித் திட்டித் தமிழ் பழகியவள்.

“ஏன் உத்தமண்ணா, உங்க வீட்ல எல்லாரும் தூங்கறாங்களா?”

“நான் முழிச்சிதான் இருக்கேன்.”

“முழிச்சிருக்கறவருக்கு டிரம்மு பொங்கறது தெரியலியா? நம்ம ரங்கோலி போய் மோரில, சாக்கடைல சேந்துச்சு பாருங்க.”

“அது பார்கவி வேலை. இரு, வரச் சொல்றேன்.” சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பெரிய பெரிய எண்கள் போட்ட போன் அது. இரண்டை அழுத்திப் பிடித்தால் பார்கவி எடுப்பாள். கட்டைவிரல் இரண்டின் மேல் போய் நின்றது.

“கூப்பிடுங்க, கூப்பிடுங்க” என்றாள் லட்சுமம்மா, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு. “அவ பேரை அடிச்சிட்டு டோரீன் வேற ஆளை சேத்துக்கட்டும். இங்கேருந்து அந்த டிரம்முக்கு ஆறு அடி. பாவம், நீங்க எப்படி நடப்பீங்க?”

“நீ உன் வேலையைப் பாரும்மா.”

“என் வேலைதான் உங்க தண்ணில போயிடுச்சே. சரி, உங்க வேலை எதுன்னு ஒண்ணு சொல்லுங்க. முப்பது வருஷமா பாக்கறேன். நாலரைக்கு எழுந்து எந்த வீட்ல லைட்டு எரியலைன்னு எண்ணறீங்க. அதுக்கு மீட்டர்காரன் மாசத்துக்கு ஒருதரம் வரானில்ல?”

இரண்டு வீடு தள்ளி யாரோ பல் தேய்த்துக்கொண்டே சிரிக்கும் சத்தம் கேட்டது.

“தூங்கறவன் யாருக்கும் வேலை வெக்கறதில்லண்ணா. முழிச்சிக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கான் பாருங்க, அவனைச் சுத்தித்தான் ஒருத்தி ரெண்டு பங்கு ஓடணும். நாலரை மணி உத்தமன். பேரு மட்டும் நல்லா வெச்சிருக்காங்க.”

உத்தமன் அவளை முறைத்தார். பிறகு போனை முறைத்தார். கட்டைவிரலை எடுத்துவிட்டுப் போனைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். ஆறு அடி நடந்து, டியூபைத் தூக்கி அடுத்த டிரம்மில் போட்டார். சந்து ஒன்றும் சொல்லவில்லை. சந்தில் அவரவருக்கு அவரவர் வேலை இருந்தது.

திரும்பும்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. குழாயும் டியூபும் சேருமிடத்தில் பழைய துணியைச் சுற்றிக் கட்டியிருந்தாள் பார்கவி. அந்தத் துணிக்கட்டு வழியாகப் பாதித் தண்ணீர் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் நூல் மாதிரி வருகிறதென்று மூன்று மாசமாக அவளும் புலம்பியிருக்கிறாள், இவரும் கார்ப்பரேஷனைத் திட்டியிருக்கிறார். பத்தடி தூரத்தில் நாற்காலி. ஒருநாளும் எழுந்து வந்து பார்த்ததில்லை.

கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கிளாம்பும் ஸ்குரூ டிரைவரும் எடுத்து வந்தார். குந்தி உட்கார்ந்து, துணியைப் பிரித்து எறிந்துவிட்டு, கிளாம்பைப் போட்டு இறுக்கினார். டியூப் ஒரு துள்ளு துள்ளியது. அரைமணி நேரம் இழுக்கிற டிரம் கால்மணியில் நிரம்பியது. அண்டா, குடம், வாளி எல்லாம் நிரம்பின. மிச்சத்தில் லட்சுமம்மாவின் வாசலையும் கழுவிவிட்டார், மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்கு இல்லாததால்.

“பத்திரம், கால் வழுக்கப் போவுது” என்றாள் லட்சுமம்மா. குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

இதற்கு நடுவிலேயே ஆறேகாலுக்குக் கிருத்திகாவை எழுப்பினார். அவள் கண்ணைத் திறந்து தாத்தாவைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று பயந்து கேட்டாள். தான் எழுப்பினால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் அர்த்தமா? அது அவரைச் சுட்டது. பாலைச் சூடு செய்தார். அது பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்தார்.

அடுத்தது சடை. அவருக்குத் தெரிந்ததெல்லாம் ஒயர் முறுக்குவது. மூன்றாகப் பிரித்து, இழுத்து, ஒரு முறுக்குக்கு ஒரு தட்டு தட்டி இறுக்கினார்.

“தாத்தா, வலிக்குது.”

“இறுக்கிக் கட்டினாத்தான் பிரியாது.”

“இது பிரியவே வேணாம் தாத்தா. காலேஜ் போற வரைக்கும் இப்படியே இருக்கும்.”

ஏழு மணிக்கு உள்ளே வந்த நரேஷ் மகளுடைய இரண்டு சடைகளும் இரண்டு பக்கமும் விறைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தான். அப்பா கையில் சீப்பு இருப்பதையும் பார்த்தான். தூக்கக் கலக்கம் என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டான்.

“என்னடா பாக்கறே? அவளை ஸ்கூல்ல விடறது உன் பேர்ல எழுதியிருக்கு. மூஞ்சி கழுவு” என்றார் உத்தமன்.

அந்த நேரம் சந்தின் முனையில் ஆட்டோ திணறிக்கொண்டு வரும் சத்தம் கேட்டது. ஓட்டியது பார்கவி. டோரீன் அதே சீட்டின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு, “மெதுவா, மெதுவா, சந்து எங்கயும் ஓடிப் போகாது” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். வண்டி வாசலில் ஒரு குலுங்கு குலுங்கி நின்றது.

“ரிவர்ஸ் எடுத்தேன் மாமா. வெச்சிருந்த செங்கல் ஒண்ணுகூட சாயல.” பார்கவியின் முகம் பூராவும் சிரிப்பாக இருந்தது. “அஞ்சு நிமிஷம் முன்னாடியே போயிட்டேன் தெரியுமா?”

“பேரு தப்பிச்சுது அங்கிள்” என்றாள் டோரீன். “அடுத்த மாசம் டெஸ்டுக்கு அனுப்பறேன்.”

பார்கவி இறங்கி வந்து நிரம்பிய டிரம்களைப் பார்த்தாள். அண்டாவைப் பார்த்தாள். குழாயில் மின்னிய கிளாம்பைத் தொட்டுப் பார்த்தாள்.

“அஞ்சு நிமிஷம் பெரிய அதிசயம்” என்று உத்தமன் முந்திக்கொண்டார். “நான் ஊருக்கே ரெண்டு மணி நேரம் முன்னாடி எழுந்திரிக்கறேன்.”

“நானும் அப்படித்தான் நெனச்சேன் மாமா. எனக்குன்னு ஒரு மணி நேரம் வேணும்னா இன்னும் சீக்கிரம் எழுந்தாப் போதும்னு நாலுக்கு எழுந்தேன், மூணே முக்காலுக்கு எழுந்தேன். அந்த ஒரு மணி நேரம் வரவே இல்ல. இன்னிக்கு நீங்க டியூபை மாத்திப் போட்டீங்க, வந்துடுச்சு. எத்தனை மணிக்கு எழுந்தோம்ங்கறதுல ஒண்ணுமே இல்ல மாமா. வீட்டு வேலையை வீட்ல இருக்கறவங்க எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டா எல்லாருக்கும் காலைன்னு ஒண்ணு இருக்கும். ஒருத்தி தலையிலயே போட்டா, அவளுக்கு ராத்திரி முடிஞ்சதும் நேரா மத்தியானம்தான்.”

நரேஷ் தலையைக் குனிந்துகொண்டு மகளின் புத்தகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

உத்தமன் தொண்டையைக் கனைத்தார். “பேச்சு நல்லாத்தான் இருக்கு. பேச்சு எல்லார்கிட்டயும் நல்லாத்தான் இருக்கும். நாலு நாள் போகட்டும், அப்புறம் பாக்கலாம். நாளைக்குத் தண்ணி வராது இல்ல? அப்ப நான் என் பாட்டுக்கு உக்காந்திருக்கலாம்.”

“நாளைக்கு நீங்க பால் வாங்கணும் மாமா.”

“பாத்தியா, இதுக்குத்தான் நான் எதையும் நம்பறதில்ல. ஒண்ணு செஞ்சா ஒம்பது வரும்.”

“ஏறுங்க அங்கிள்” என்றாள் டோரீன், பின் சீட்டைத் தட்டிக் காட்டி. “மருமக வண்டியில முதல் சவாரி நீங்கதான். மெயின் ரோடு வரைக்கும் போய்ட்டு வரலாம்.”

உத்தமன் ஆட்டோவை மேலும் கீழும் பார்த்தார். “கிளட்சைப் படார்னு விடறா. நேத்து வரைக்கும் கரண்டி புடிச்ச கை. எழுபத்திரண்டு வருஷம் பத்திரமா வெச்சிருந்த உடம்பு இது, பரீட்சைக்குக் குடுக்கமாட்டேன்.”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டீக்கடைப் பக்கம் நடந்தார். பின்னாலிருந்து ஹாரன் இரண்டு தடவை அடித்தது, கிருத்திகா கத்திக் கூப்பிட்டாள். அவர் திரும்பவில்லை. ஆட்டோவுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி, “எல்லாம் நாலு நாளைக்கு” என்று முனகிக்கொண்டே போனார்.