மூணு லாரி ஏறி வந்தவன்

என் வீட்டு வாசலில் நின்று எச்சில் துப்பினால் கம்பெனி சுவரில்தான் விழும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் அந்த இரும்புக் கம்பெனி இருப்பதே என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட நிலத்தில். ஆனால் வேலை கேட்டுப் போனால், "லோக்கல் ஆளுங்க வேணாம்பா. காதுகுத்து, கருமாதின்னு லீவு போடுவீங்க" என்று கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வயிறு எரிந்தது. உள்ளூர் மாடு விலை போகாது என்று சும்மாவா சொன்னார்கள்.

திருவள்ளூர் மணவாள நகரில் இருக்கும் அக்கா வீட்டு விலாசத்தை ஆதாரில் ஏற்றிக்கொண்டு மறுபடி போனேன். மேனேஜர் பூவராகவன் அட்டையைப் பார்த்தார். "திருவள்ளூரா? ரெண்டு ரயில் மாறி வரணுமே!" அன்றைக்கே சேர்த்துக்கொண்டார். ஒரு வருஷம் ஒழுங்காக வந்தால் பர்மனென்ட்.

என் மனைவி ஹெலனும் லேசுப்பட்டவள் இல்லை. மாடியில் ஒரு ரூம் போட்டு, கம்பெனிக்கு வாடகைக்கு விட புரோக்கரிடம் சொல்லி வைத்திருந்தாள். "லோக்கல் ஆளுங்களுக்கு உடமாட்டேன். அவங்க நேரத்துக்கு வாடகை குடுக்க மாட்டாங்க" என்பாள்.

வேலையில் சேர்ந்த அன்றிலிருந்து பிடித்தது பேஜாரு. தினமும் காலையில் ஸ்டேஷனுக்கு நடந்து, ரயிலை விட்டு இறங்கும் கும்பலில் கலந்து, போன வழியே திரும்பி நடக்க வேண்டும். காட்டிக் கொடுக்கக் கூடாது என்று தெருவுக்கே சொல்லி வைத்திருந்தேன். நாய்க்கு யார் சொல்வது?

"இன்னா அன்பு, இந்த நாய் டெய்லி உன்னியே சுத்தினுகீது" என்பான் கூட வரும் மீஞ்சூர் சின்னதுரை. பிள்ளை மாதிரி வளர்த்த டாமியைக் கல்லெடுத்து விரட்டினேன். அன்றைக்கெல்லாம் சோறு இறங்கவில்லை.

பதினோரு மாதம் ஓடிவிட்டது. ஒருநாள் அசந்து தூங்கிவிட்டேன். ஸ்டேஷனாவது கீஷனாவது என்று நேராக கேட்டுக்கு ஓடினேன். அங்கே பூவராகவன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"சிக்னல் கோளாறுன்னு விடியக்காலையிலேர்ந்து ஒரு ரயிலும் வரல. உலைக்கிட்ட நிக்க ஆளில்ல. நீ எப்படிப்பா வந்த?"

தொலைந்தோம் என்று நினைத்தேன். நாக்கு மட்டும் தானாகப் பேசியது. "லாரி ஏறி வந்தேன் சார். மூணு லாரி."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதே எதிர் வீட்டுக்காரனா இருந்தா வருவானா?" என்றார். வரமாட்டான் சார் என்று நானும் தலையாட்டினேன்.

சாயங்காலம் கூப்பிட்டு பர்மனென்ட் ஆர்டரைக் கையில் கொடுத்தார். கூடவே ஒரு சாவி. "இனிமே நீ அலைய வேணாம். எதிர்லயே கம்பெனி செலவுல ரூம் எடுத்தாச்சு. ஓனரம்மா கொஞ்சம் கறார், பாத்து நடந்துக்க."

சாவியில் ஹெலனின் வேளாங்கண்ணி மாதா வளையம் தொங்கியது.

வீட்டுக்குப் போய் ஆர்டரையும் சாவியையும் நீட்டினேன். டாமி காலைச் சுற்றியது. ஹெலன் இரண்டையும் நிதானமாகப் பார்த்துவிட்டுக் கையை நீட்டினாள்.

"ஆதார் ஜெராக்ஸ் ஒண்ணு குடு. லோக்கல் ஆளுங்களுக்கு நான் ரூம் உடறதில்ல."