ரொட்டிக்குள் இருந்த சீனி

ஆடி மழை வட்டவளை மலைச்சரிவில் இறங்கிவிட்டால் எளிதில் எழுந்து போவதில்லை. முகில்கள் நோன்பிருப்பவர்போல் தேயிலை நிரைகளின்மேல் அசையாது அமர்ந்திருக்கும். பகலும் மாலையும் ஒரே சாம்பல் நிறம் பூசிக்கொள்ளும்.

அந்த ஈரத்தில் இராமையாவின் காற்பெருவிரற் புண் ஆறவேயில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகையில் கத்தி பட்ட காயம், மூன்று மாதமாயிற்று. இரத்தத்தில் சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க நேரும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். உடனே மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்: புண் ஆறும்வரை சீனி தொடுவதில்லை. தேத்தண்ணியைக் கசப்பாகவே குடித்தார். காலையில் நான்கு ரொட்டி, மாலையில் மூன்று; வேறொன்றும் கேட்டதில்லை.

தோட்டத்து மருந்தகத்தில் மறுபடி சோதித்தபோது, சீனி முன்னிலும் கூடியிருந்தது.

துணைக்கு வந்த மனைவி அழகம்மாவை அவர் முறைத்தார்.

“நீதான் தேத்தண்ணியில கலந்திருக்க. ஆத்தாகிட்ட என்னையப் பொய்யனாக்கிட்டியே!”

“ஆமாங்க, சீனி விக்கிற வெலையில ஒங்களுக்குத் தெரியாம அள்ளி அள்ளிப் போடுறேன்!”

தாதி இஷ்ரா சிரிப்பை அடக்கிக்கொண்டு, அவர்கள் கொண்டுவந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து நீட்டினாள். “தேங்காச் சம்பல் தொடாம மெல்லுங்க ஐயா. நான் சொல்ற வரைக்கும் முழுங்கக் கூடாது.”

மென்றார். உப்பு கரைந்தபின், நாவில் மெல்ல ஓர் இனிப்பு ஊறியது. திடுக்கிட்டார்.

“மாவுலயும் கலந்துட்டியா, புள்ள?” என்று மனைவியிடம் திரும்பினார்.

“கலந்தது ஒங்க எச்சில்தான்,” என்றாள் இஷ்ரா. “மாவுங்கிறது சீனிமணி கோத்த மாலை. எச்சில்ல உள்ள நொதியம் அதை அறுக்கத் தொடங்கும். குடல்ல முழுசா உதிரும். அந்த மணிதான் ரத்தத்துல ஏறுது.”

“ரொட்டிக்குப் பதிலா முட்டை குடுத்தா, அதுவும் மாலைதானா, மிஸி?” என்று கேட்டாள் அழகம்மா.

“அதுல உள்ள புரதமும் மாலைதான். மணி வேற. இரைப்பையில புளிப்பு நீர் முறுக்கை அவிழ்க்கும், வேறொரு நொதியம் வெட்டும். புண் ஆற அந்த மணி வேணும். ரொட்டியைக் கொறைங்க, முட்டையும் கீரையும் கூட்டுங்க. மருந்தை விட்டுறாதீங்க.”

இராமையா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். கண்ணால் காணாத சீனியை நாள்தோறும் ஏழு ரொட்டியாக உண்டிருக்கிறார். அப்படியானால் அம்மனுக்கு நேர்ந்தது முறிந்ததா, நிலைத்ததா? தன் வாயே சீனி செய்கையில் யாரை நோவது? ஒன்று மட்டும் விளங்கியது: பிழை அழகம்மாமேல் இல்லை.

“கோவிச்சுக்காத புள்ள,” என்றார் அவளிடம், வீடு திரும்பும் வழியில்.

அந்தியில், தோட்டத்து வரிசைவீடான லயத்தில் தம் அறையில் அம்மன் படத்தின்முன் கற்பூரம் ஏற்றினார். எந்தப் பிழையைச் சொல்லிப் பொறுத்தருளக் கேட்பதென்று தெரியாமல், கைகூப்பியபடி நெடுநேரம் நின்றார்.

அழகம்மா திருநீறு எடுத்து அவர் நெற்றியில் இட்டாள்.

“ஆத்தாவுக்கு எல்லாம் தெரியுங்க. ஒங்க காலுக்கு அவளே காவலா இருப்பா. நல்லா இருங்க.”