கண்ணை மூடிச் சொன்ன பதில்

மகள் ஷிஜா போனில் காலேஜ் கிளாஸ் கேட்கும்போதெல்லாம் பிரேமா ஒரு டம்ளர் தண்ணீரோடு பக்கத்தில் இருப்பாள். கண் சொருகினால் முகத்தில் தெளிக்க வேண்டுமே! கொரோனாவால் தம்பானூர் ஹோட்டலில் அவளுடைய சமையல் வேலை நின்றுபோயிருந்தது. காவலுக்கு ஆள் கிடைத்தது அப்படித்தான்.

அடுத்த வீட்டு மாடம்மாளுக்கு இது வேடிக்கை.

“ஏட்டி பிரேமா, போன்ல படிக்க படிப்பு தலையில நிக்குமா? பிள்ளைக்கு உறக்கம்லா வருது.”

“நிக்கும் மைனி. நிக்காட்டா நான் விடுவேனா?”

சொல்லிவிட்டாளே தவிர, பயம் அவளுக்கும் உண்டு. பி.எஸ்ஸி. விலங்கியலுக்குக் கடைசி வாய்மொழித் தேர்வு போனிலேயே வந்தது. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை.

தேர்வன்று போனை அரிசி டப்பாவில் சாய்த்து வைத்து, ஷிஜா காதில் இயர்போனை மாட்டிக்கொண்டாள். விலங்கியல் எடுக்கும் ஆஷா டீச்சர் தன் மலையாளம் கலந்த தமிழோடு திரையில் வந்தார்.

“ஷிஜா, புத்தகம் ஒண்ணும் நோக்கி வாசிக்கக் கூடாது, கேட்டோ? கண்ணை அடச்சுட்டுச் சொல்லு. இதயத்துக்கு வர்ற ரத்தம் எந்த வழியாப் போறது?”

பிரேமாவுக்கு இது ஒன்றும் கேட்கவில்லை. மகள் கண்ணை மூடியதை மட்டும் பார்த்தாள்.

“பரீட்சையிலயும் உறங்குதியாட்டி!”

டம்ளர் தண்ணீர் முழுவதும் ஷிஜாவின் முகத்தில்.

திடுக்கிட்டாள். ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் புத்தகத்தைப் பார்த்ததாக நினைத்துவிடுவார்களே! அம்மா பக்கம் ஒரு கையை நீட்டித் தடுத்துவிட்டு, சொல்லத் தொடங்கினாள். வலது ஆரிக்கிள், வலது வென்ட்ரிக்கிள், நுரையீரல், திரும்பி இடது பக்கம். தாடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“இடது வென்ட்ரிக்கிள் சுவர் மட்டும் ஏன் அவ்வளவு தடிமன்?”

“வலது பக்கம் பக்கத்துல இருக்க நுரையீரலுக்குத் தள்ளினாப் போதும் டீச்சர். இடது பக்கம் உடம்பு முழுக்கத் தள்ளணும்லா!”

“மதி குட்டீ, போதும். கண்ணைத் திற. இயர்போனை எடு, அம்மாவும் கேக்கட்டும்.” டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “அம்மா, நேர்ல வகுப்பு எடுத்தப்போகூட இத்தனை தெளிவா யாரும் சொன்னதில்லை. ஜெயிச்சுட்டா உங்க பொண்ணு. இவ மட்டும் என் கிளாஸ்ல தூங்காத ரகசியம் இப்பத்தான் தெரியறது.”

சாயங்காலம் குழாயடியில் மாடம்மாள் நின்றாள்.

“மைனி, எம்மவ கண்ண மூடிட்டே எல்லாம் சொல்லிட்டா, கேட்டியளா? மூஞ்சில ஒரு டம்ளர் வெள்ளம் விழுந்தும் ஒரு வார்த்தை பிசகல.”

“அய்யய்யோ, பரீட்சை நேரத்துல எவட்டி வெள்ளம் ஊத்தினது?”

பிரேமா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தாள்.

“நான்தான்!”