யானையின் மறுப்பு

பீளமேட்டில் இருக்கும் அந்த ஸ்டுடியோவில் ஓர் அசைவைப் பதிவு செய்தால், அது உடம்பை விட்டுப் போய்விடும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நடையைக் கொடுத்தவர்கள் அதுவரை நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிப்பார்கள்.

வசுமதி கொடுத்தது, ‘வேண்டாம்’ என்று தலையை ஆட்டுவதை. கண்ணாடி மாட்டிக்கொண்டு காட்டுக்குள் நடக்கும் மெய்நிகர் விளையாட்டு அது. தப்பான பாதையில் கால் வைத்தால், ஒரு பெண் எதிரே வந்து தலையாட்டித் தடுப்பாள். நெற்றியில் உணரிப் பட்டை கட்டி, சோளக்கொல்லைப் பொம்மைபோலக் கைகளை விரித்து நின்று வசுமதி அதைக் கொடுத்தாள். அது திரும்பி வருவதற்குள், அன்று மத்தியானமே அவளைப் பெண் பார்க்க வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளையை அவளுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுவிட வேண்டும் என்று, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சொன்ன மகராசன் அவர்.

“எனக்கு வேண்டாங்க,” என்றாள்.

“வாய் ஆயிரம் சொல்லும் கண்ணு,” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “எங்க பக்கம் தலை சொல்றதுதான் பதில்.”

எல்லோரும் அதை ஒப்புக்கொண்டார்கள். வசுமதியின் தலைக்கோ இப்போது மேலும் கீழும்தான் போகத் தெரியும். ஒரு தடவை ஆட்டிவிட்டால் தட்டு மாற்றிவிடுவார்கள். கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பயத்தில் அழுகையே வந்துவிட்டது.

நல்லவேளையாக, திருப்பிக் கொடுக்க ஸ்டுடியோவிலிருந்து ஜெரால்டு பைக்கில் வந்து இறங்கினார். அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “ஒரு சின்னத் தப்பாயிருச்சுங்க. அதே காட்டுக்கு ஒரு யானையையும் பதிவு பண்ணுனோம். உங்களுது அதுக்குப் போயிருச்சு. கரும்பை நீட்டுனா வேண்டாங்குது. நாளைக்குத்தான் மாத்தித் தர முடியும், இப்ப எங்கிட்ட இருக்கறது யானையோடதுதானுங்க.”

“அதையே குடுங்க,” என்று பட்டையைக் கட்டிக்கொண்டு கைகளை விரித்து நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா மறுபடி கேட்டார். வசுமதி தலையை ஆட்டினாள். இடமிருந்து வலம் போக அது நிதானமாக நேரம் எடுத்துக்கொண்டது. திரும்பி வர இன்னும் கொஞ்சம். வந்தவர்கள் எழுந்து ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். மாப்பிள்ளை குனிந்து ஆசி வாங்கிக்கொண்டு போய்க் காரில் ஏறினார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. வசுமதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவளுடைய அம்மா சுசீலா காபி டம்ளர்களை எடுக்க வந்தாள். அவளிடம் அந்த அசைவு எப்போதுமே இருந்ததில்லை. கல்யாணத்தின்போது யாரும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

“ஏங் கண்ணு, உன்னோடது நாளைக்கு வந்துருமல்ல?” என்றாள். “இதை நான் வச்சுக்கட்டுமா?”

ஜெரால்டு வசுமதியின் பட்டையை அவிழ்த்து அம்மாவின் நெற்றியில் கட்டினார். அம்மா கைகளை விரித்து நின்றாள்.

“சுசீலா, இன்னொரு காபி,” என்றபடி அப்பா உள்ளே வந்தார்.

அம்மா மெதுவாகத் தலையை ஆட்டினாள். அப்பா ஓரமாக ஒதுங்கிக் கும்பிட்டுவிட்டு, தானே போய்ப் பால் காய்ச்சினார். வரும்போது அம்மாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழமும் கொண்டுவந்தார்.