பெட்டி பதறினால்

0

இந்தக் கதை ஒரு கையேட்டில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காஞ்சிபுரத்தைப் பற்றி ஒரு கதை வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் ஒருவர் கேட்டார். பட்டு, கோபுரம், கொஞ்சம் கண்ணீர் இருந்தால் போதும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு, எழுதாமல் தப்பிப்பதற்காக வழக்கம்போல் இணையத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். அப்போது ரஸ்ட் என்ற கணினி மொழியின் கையேட்டில் ஒரு பக்கம் கண்ணில் பட்டது. அந்த மொழியின் அடித்தள நூலகத்தைப் பற்றிய பக்கம்.* அதற்குப் பெயர் கோர்.

கோர் ஒரு விசித்திரப் பிறவி. அதற்குக் கோப்பு தெரியாது, திரை தெரியாது, இணையம் தெரியாது. அரை மணி நேரம் என்றால் எவ்வளவு என்று தெரியும். இப்போது மணி என்ன என்று தெரியாது. எந்த இயந்திரத்தில் கொண்டுபோய்ப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளும், ஏனென்றால் அது யாரிடமும் எதையும் எதிர்பார்ப்பதில்லை. கிட்டத்தட்ட. இங்கே இருப்பதை அங்கே நகலெடுத்து வைப்பது மாதிரியான எடுபிடி வேலைகள் சிலவற்றை யாராவது செய்து தர வேண்டும். அதன் பிறகு ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும்: தாங்க முடியாத தவறு நடந்து நான் பதறிப்போனால் என்ன செய்வது?

பதறுவது எப்படி என்று கோருக்குத் தெரியும். பதறிய பிறகு என்ன என்றுதான் தெரியாது. அதை நிரல் எழுதுகிறவர் எழுதித் தர வேண்டும். தராவிட்டால் நிரல் உருவாகவே மறுத்துவிடும். படித்து முடித்ததும், இது என்னைப் பற்றிய பக்கம் என்று தோன்றியது.

(பகுதிகளை ஏன் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுகிறேன் என்று கேட்காதீர்கள். ஏஞ்சல் அப்படித்தான் எண்ணுவாள். வம்பே அதனால்தான் வந்தது.)

* நூலகம் என்றால் இங்கே புத்தகம் அடுக்கிய இடமல்ல. நிரல் எழுதுகிறவர்கள் எடுத்தாள்வதற்காக யாரோ முன்னமே எழுதி வைத்த நிரல்களின் தொகுப்பு. இங்கே பேசக் கூடாது என்று யாரும் சொல்வதில்லை, பேசத்தான் ஆளிருக்காது.

1

முதல் தொடக்கம்: "விடியற்காலையில் கோபுரத்தின் மேல் புறாக்கள் சிறகடித்து—"

வேண்டாம். ஏஞ்சல் விடியற்காலையில் எழுகிறவள் அல்ல. கோபுரத்தை அவள் கடைசியாக நிமிர்ந்து பார்த்தது எப்போது என்று அவளுக்கே நினைவில்லை. அவளுக்கு அது வாலாஜாபாத் பேருந்து திரும்பும் இடம்.

இரண்டாவது: "பட்டு இழை போல மெலிந்த ஏஞ்சல்—"

இதுவும் வேண்டாம். அவள் மெலிந்தவளும் அல்ல.

மூன்றாவது, உள்ளது உள்ளபடி: ஏஞ்சலுக்கு முப்பத்திரண்டு வயது. ஒலிமுகமதுபேட்டையில் ஃபக்ருதீன் பாயின் பட்டறையில் நிரல் எழுதுகிறாள். பட்டறை செய்வது ஒரே ஒரு பொருள், பெட்டி. சேலையில் பூவும் யாளியும் விழ வேண்டுமென்றால் எந்த இழையைத் தூக்குவது, எதை விடுவது என்று தறிக்குச் சொல்ல வேண்டும். அதை ஓட்டை போட்ட அட்டைகள் சொல்லிக்கொண்டிருந்தன. அட்டைக்குப் பதிலாகப் பாயின் பெட்டி சொல்லும். உள்ளே சின்னக் கணினிச் சில்லு. அதில் கோரைத் தவிர வேறொன்றும் நுழைய இடமில்லை.

2

பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதில் ஃபக்ருதீன் பாய்க்குத் தெளிவு உண்டு. காலையில் போட்டதும் அது வணக்கம் சொல்ல வேண்டும், பெண் குரலில். ப்ளூடூத் வேண்டும். முகூர்த்த நாள் காட்ட வேண்டும். ரம்ஜான் நோன்பு நேரமும் காட்டினால் நல்லது, நாலு பேருக்கும் உதவும்.

"பாய், அதுக்கு மணி என்னான்னே தெரியாது" என்றாள் ஏஞ்சல்.

"கத்துக் குடும்மா. நீதான படிச்ச பொண்ணு."

"அத விடுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன், அத சொல்லுங்க. பெட்டி பதறிச்சின்னா என்னா செய்யணும்?"

"எதுக்குப் பதறுது? பதறாத மாதிரி எழுது."

"எழுதுறேன். அப்பிடியும் பதறினா?"

பாய் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், நெற்றியைக் கூடத் தேய்த்துக்கொண்டார். "குரல் பொம்பள குரலாவே இருக்கட்டும்" என்றார்.

திங்கட்கிழமை பெட்டி தறிக்குப் போக வேண்டும். பதில் இல்லாமல் நிரல் உருவாகாது. எனவே ஏஞ்சல், கோரை எடுத்தாளும் பாதிப் பேர் முதல் நாள் செய்வதையே செய்தாள். பதறினால் என்ன என்ற இடத்தில் ஒரு வெற்றுச் சுழலைப் போட்டாள். அதாவது, எதுவும் செய்யாமல் சும்மா சுற்றிக்கொண்டே இரு. மேலே ஒரு குறிப்பும் எழுதினாள்: பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நிரல் மறுபேச்சில்லாமல் உருவானது.

[இந்தக் கதையின் கடைசிப் பகுதியிலும் நான் இப்போதைக்கு அதையே எழுதி வைத்திருக்கிறேன். உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.]

3

பெட்டி போனது பிள்ளையார்பாளையத்தில் கைலாசத்தின் தறிக்கு. ஐம்பத்தைந்து வயது, அளந்து பேசுகிறவர். தறியில் இருந்த பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், அவருடைய மகள் சுகாசினியின் கல்யாணச் சேலைக்கானது. ஊருக்கெல்லாம் நெய்து கொடுத்தவர், இதற்கு மட்டும் சாயத்தை மூன்று முறை திருப்பி அனுப்பினார். தக்காளிச் சிவப்பு வேண்டாம், குங்குமச் சிவப்பு வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஒன்று மகள் கண்ணில் இருந்தது.

அதிலா புதுப் பெட்டியைப் பரீட்சை பார்ப்பார்கள் என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். வேறு தறிக்கு மாற்றி எழுதிப் பார்த்தேன், கதை படுத்துவிட்டது. கைலாசத்தின் காரணம் எளியது: டிசைன் சுகாசினி வரைந்தது, அதற்கு அட்டை அடித்து வாங்க ஒரு மாதம் ஆகும், பெட்டிக்கு ஒரு நாள் போதும். அவசரத்துக்கு என்றால் பழைய மயில் டிசைன் அட்டைகள் வீட்டில் இருந்தன. சுகாசினிக்கு மயில் பிடிக்காது.

பாய் பெட்டியை மாட்டிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "லைட்டு எரிஞ்சிக்கினு இருக்கறப்போ ஒயர புடுங்காதீங்க கைலாசம். டிசைன் அழிஞ்சி பூடும். அது யோசிக்குது, விட்டுடுங்க."

அப்படி ஒன்றும் அழியாது. பாயாகச் சேர்த்துக்கொண்டது.

4

இந்த இடத்தில் கைலாசம் வீட்டுப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதுப் பாவில் உட்கார்ந்ததும் கற்பூரம் காட்டுவார். பிறகு, ஊடை என்கிற குறுக்கிழை ஒன்றுகூடப் போடாமல், அட்டையை ஒன்று பின்னால் தள்ளுவார். அட்டைகளைச் சங்கிலியாகக் கோத்து முனையோடு முனை கட்டியிருப்பார்கள் அல்லவா, அது வட்டம். முதல் அட்டைக்கு முன்னால் இருப்பது கடைசி அட்டை. டிசைனின் கடைசி வரியை முதலில் நெய்துவிட்டுத் தொடங்கினால் சேலையின் இரண்டு முனையும் ஒரே மாதிரி அமையும். அவருடைய அப்பா செய்தார், இவரும் செய்கிறார். இதை யாரிடமும் சொன்னதில்லை. வலது காலைச் செருப்பில் நுழைப்பதை யாராவது சொல்லிக்கொண்டிருப்பார்களா?

பெட்டியில் 'பின்னே' என்று ஒரு பொத்தான் உண்டு. தப்பாக நெய்தால் பிரித்துக்கொண்டு பின்னால் போவதற்காக ஏஞ்சல் வைத்தது. நெய்வதற்கு முன்பே ஒருவர் பின்னால் போவார் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

கைலாசம் கற்பூரம் காட்டினார். பெட்டி முதல் வரிக்கான இழைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றது. அவர் 'பின்னே' பொத்தானை அழுத்தினார்.

ஏஞ்சலின் எண்ணிக்கையில் முதல் வரி பூஜ்ஜியம். பூஜ்ஜியத்துக்கு முன்னால் என்ன? கைலாசத்துக்குக் கடைசி வரி. ஏஞ்சலின் நிரலில் ஒன்றுமில்லை. குறை எண் என்பதே இல்லாத எண் வகையை அவள் எடுத்திருந்தாள், வரிகளுக்கு எதற்குக் குறை எண் என்று. பூஜ்ஜியத்தில் ஒன்றைக் கழிக்கச் சொன்னதும் கோர் செய்ய வேண்டியதைச் செய்தது. ஒழுங்காகப் பதறியது. அடுத்து என்ன என்று ஏஞ்சல் எழுதிய இடத்துக்குப் போனது. சும்மா சுற்று என்றிருந்தது. சுற்றியது.

இழை தூக்கும் பெட்டியின் காந்தங்கள் இழைகளைத் தூக்கியபடியே பிடித்துக்கொண்டிருந்தன. லைட்டு எரிந்தது. கைலாசம் பாய்க்கு போன் போட்டார். "யோசிக்குது, விடுங்க" என்றார் பாய்.

காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு வரை கைலாசம் கைகட்டிக்கொண்டு, யோசிக்கிற பெட்டியின் முன் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக்கூடப் போகவில்லை. இழுபட்டபடியே இருந்ததில் இரண்டு மணிக்கு முதல் இழை அறுந்தது. ஏழாவது அறுந்தபோது, டிசைன் போனால் போகட்டும் என்று ஒயரைப் பிடுங்கினார்.

5

ஃபக்ருதீன் பாயை நான் கோமாளியாக்கிவிட்டேனோ என்று இங்கே ஒரு சந்தேகம் வருகிறது. மனிதர் யாரிடமும் படிக்காமல் பழைய ரேடியோக்களைப் பிரித்துப் பிரித்து ஈயம் வைக்கக் கற்றவர். வாலாஜாபாத் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிய சாமுவேலின் மகள் ஏஞ்சலுக்கு, நீதான் எங்கள் பட்டறையின் மூளை என்று நாற்காலி போட்டவர். கைலாசத்தோடு ஒரே வகுப்பில் படித்தவரும் கூட. பதறியது பெட்டி மட்டுமல்ல. பிள்ளையார்பாளையத்துக்கு ஆட்டோவில் போகும்போது பாய் இரண்டு முறை வழியைத் தப்பாகச் சொன்னார்.

"வோல்டேஜ்னு சொல்லிடும்மா" என்றார். "ஏறி இறங்கிச்சி, அதான்னு. நாப்பது வருஷப் பழக்கம். அவன் முகத்த என்னால பாக்க முடியாது."

இங்கே நான் மூன்று நாள் நின்றேன். ஏஞ்சல் வோல்டேஜ் என்று சொன்னால் கதை நாலே வரியில் முடிந்துவிடும், ஊரில் எல்லோரும் நம்பக்கூடிய பொய். எழுதியும் பார்த்தேன்: "'வோல்டேஜ் அண்ணா' என்றாள் ஏஞ்சல், தலையைக் குனிந்தபடி—"

அவள் குனியவில்லை. அடித்துவிட்டேன்.

6

"என் தப்புண்ணா" என்றாள். "பெட்டி பதறினா என்னா செய்யணும்னு ஒரு எடத்துல எழுதணும். நான் அத எழுதாம வுட்டுட்டேன்."

பாய் வாசலில் திரும்பி நின்றுகொண்டார்.

கைலாசம் அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைத்துக்கொண்டிருந்தார். "ஏம்மா எழுதல?"

"என்னா எழுதறதுன்னு தெரியல. யாரக் கேட்டும் சொல்லல."

"என்னக் கேட்டியா?"

கேட்கவில்லை. பாயைக் கேட்டாள், இணையத்தில் முகம் தெரியாத நாலு பேரைக் கேட்டாள். தறியில் உட்காருகிறவரைக் கேட்கத் தோன்றவில்லை. அந்த வெட்கம் அவளுக்குக் காது வரைக்கும் சுட்டது.

"இப்பக் கேக்குறேண்ணா. தப்பு நடந்துச்சின்னா நீங்க என்னா செய்வீங்க?"

"இதுல என்னா இருக்குது" என்றார் கைலாசம். "தூக்கின இழையெல்லாம் மெல்ல கீழ எறக்கிடுவேன். கைய எடுத்துடுவேன். எடுத்துட்டு யாரையாவது கூப்புடுவேன்."

ஏஞ்சல் மடிக்கணினியை அங்கேயே தரையில் விரித்து எழுதினாள். காந்தங்களை ஒவ்வொன்றாக விடு. நில். சிவப்பு லைட்டைப் போடு. எட்டு வரிகள்கூட வரவில்லை. நெய்வதற்கு முன் எதை அழுத்தினார் என்று அவரிடமே கேட்டு, பூஜ்ஜியத்துக்கு முன்னால் கடைசி வரியையும் வைத்தாள். 'பின்னே' பொத்தானை அழுத்திக் காட்டினாள், கடைசி வரிக்குப் போனது. கைலாசம் லேசாகச் சிரித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இங்கேயே முடித்திருக்கலாம். பத்திரிகை ஆசிரியர் சந்தோஷப்பட்டிருப்பார்.

7

உள்ளேயிருந்து சுகாசினி வந்தாள். பாவின் மேல் குனிந்து, முடிச்சுப் போட்ட ஏழு இடங்களையும் விரலால் தொட்டு எண்ணினாள்.

"அக்கா, இன்னொரு தடவ இது மாதிரி பதறாதுன்னு சொல்லுங்க" என்றாள். "நீங்க சொன்னா பெட்டி இருக்கட்டும். இல்லன்னா அப்பா அந்த மயில் அட்டையவே மாட்டட்டும்."

வாசலில் பாய் திரும்பிப் பார்த்து, சொல்லு சொல்லு என்று தலையை ஆட்டினார். பதறினால் இனி இழை அறாது என்று ஏஞ்சலால் சொல்ல முடியும். பதறவே பதறாது என்று நிரல் எழுதிய யாராலும் சொல்ல முடியாது. சுகாசினி கேட்டது இரண்டாவதை.

இந்தக் கேள்வி என் திட்டத்தில் இல்லை. அந்தப் பெண்ணை வெற்றிலைத் தட்டோடு ஒரு முறை குறுக்கே நடக்கவிடுவதாகத்தான் இருந்தேன்.

(அ) "பதறாதும்மா" என்றாள் ஏஞ்சல்— வோல்டேஜ் பொய்யை மறுத்தவள் இதை எப்படிச் சொல்வாள்.

(ஆ) "அப்பிடிச் சொல்ல முடியாதும்மா." பெட்டி கழன்றது. சுகாசினி தனக்குப் பிடிக்காத மயிலோடு மணமேடையில்— என்னால் எழுத முடியவில்லை.

(இ) ஏஞ்சல் எல்லாவற்றையும் விளக்க, சுகாசினிக்குப் புரிந்து, கண்கள் பனிக்க— இப்படியெல்லாம் எழுத்தாளர்களுக்கு மட்டும்தான் நடக்கும்.

மூன்றையும் அடித்துவிட்டேன். கடைசிப் பகுதியில் நான் முன்பே எழுதி வைத்திருந்த 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்பதையும் அடித்துவிட்டேன். இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை, பதறித்தான் போயிருக்கிறேன். கைலாசம் சொன்னபடி செய்கிறேன். இதுவரை தூக்கிப் பிடித்திருந்த இழைகளையெல்லாம் மெல்லக் கீழே இறக்கிவிட்டேன். கையை எடுத்துவிட்டேன்.

உங்களைத்தான் கூப்பிடுகிறேன். சீக்கிரம் வாருங்கள், அந்தப் பெண் இன்னும் ஏஞ்சலின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.