வேல்விழிக்குக் கொடுத்த கஷாயம்

வேல்விழிக்கு வந்துவிட்டது. மாதக்கணக்கில் வராமல் இழுத்தடித்தது, வெள்ளிக்கிழமை காலையில் வந்துவிட்டது. இரண்டாம் மாடி வராந்தாவில் தரை துடைத்துக்கொண்டிருந்த ரத்னாவிடம் ஓடி வந்து அதைச் சொன்னபோது, அரசு வேலை கிடைத்தவள் மாதிரி இருந்தது அவள் முகம்.

"யக்கா, வந்துட்டுக்கா. இடுப்பு விட்டுப் போவுது. ஆனா வந்துட்டு."

"வராம எங்க போவும். சுடுதண்ணி குடி. ஊறுகாய தின்னுகினு இராத," என்றாள் ரத்னா. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, அவளுக்கும் மனசு லேசாகத்தான் ஆனது.

ரத்னா இருளர் பெண். ஏரிக்கரையை ஒட்டி வீடு. சுங்குவார்சத்திரத்தில் கம்பெனிப் பெண்கள் தங்கும் இந்த மூன்று மாடி ஹாஸ்டலைப் பெருக்கித் துடைப்பதில் சோறு கிடைக்கிறது. வேர் தோண்டுவதும் மருந்து காய்ச்சுவதும் அவள் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் செய்கிற காரியம். தீட்டு வலிக்குக் கல்யாணமுருங்கை இலை, நீர்க்கட்டிக்குக் கழற்சிக்காய், பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறத் தண்ணீர்விட்டான் கிழங்கு. தீட்டு தள்ளிப்போகிறவர்களுக்கு ஒரு வேர். அதன் பெயரை மட்டும் அவள் யாரிடமும் சொல்வதில்லை. சொன்னால் நாளைக்கே எவனாவது பொட்டலம் கட்டி யூடியூபில் விற்பான். காடு இருந்த இடத்தில் இப்போது கம்பெனி மதில் இருக்கிறது. வேரும் அந்த மதிலோரத்தில்தான் இருக்கிறது. கடப்பாரையோடு அவள் போனால் வாட்ச்மேன், "இன்னா ரத்னா, பாம்பா எலியா?" என்பான். "உன் மாமியா," என்பாள் இவள்.

வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும் பெண்களுக்கு எப்போது தூங்குவது, எப்போது விழிப்பது என்பதே உடம்புக்குப் பிடிபடுவதில்லை. மற்றது மட்டும் எப்படி ஒழுங்காக வரும்? கம்பெனி அசெம்பிளி லைனில் பாதிப் பேருக்கு இதே கதைதான்.

வேல்விழி படியிறங்கப் போனவள் திரும்பினாள். "யக்கா, அடுத்த வாட்டி கொஞ்சம் நெறைய காய்ச்சித் தாங்க. ஆளுக்கு ஒரு மூடிதான் கெடச்சுது."

ரத்னாவின் துடைக்கிற கை நின்றது. "ஆளுக்கா? எந்த ஆளுக்கு?"

"எங்க ரூம்லதான். எல்லாருக்கும் தள்ளித்தானே போவுது? அதான் பங்கு வச்சோம்."

அந்த அறையில் எது வந்தாலும் பங்குதான். கோவில்பட்டியிலிருந்து கடலைமிட்டாய் வந்தாலும் பங்கு, காய்ச்சல் மாத்திரை வந்தாலும் பங்கு. ஒருத்தி மட்டும் எதையாவது ஒளித்துத் தின்றால், சாகும்வரை அதைச் சொல்லிக் காட்டுவார்கள். கஷாயத்தையும் பங்கு வைப்பார்கள் என்பது ரத்னாவின் புத்திக்கு எட்டவில்லை.

ரத்னாவின் ஆட்களில் இந்த மருந்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வழக்கம் கிடையாது. வந்தவளை உட்காரவைத்து, கடைசியாக எப்போது தலைக்குக் குளித்தாய் என்று கேட்டு, கண்ணையும் நாக்கையும் பார்த்து, எதிரிலேயே குடிக்க வைத்து அனுப்ப வேண்டும். வேல்விழியிடம் எல்லாம் கேட்டாள், பார்த்தாள். கஷாயம் ஆறுவதற்குள் கம்பெனி பஸ் ஹாரன் அடித்துவிட்டது. பஸ்ஸை விட்டால் அன்றைக்கு லீவு. சரி போ என்று தண்ணீர் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்துவிட்டாள்.

"உங்க ரூம் சுகப்பிரியாவும் குடிச்சாளா?"

"அவளுக்கும் ஒரு மூடி குடுத்தேன். ஏங்க்கா?"

ரத்னா வாளியை ஓரமாகத் தள்ளினாள். அந்த மாடியின் குளியலறைக் குப்பைத்தொட்டியைத் தினமும் கொட்டுகிறவள் அவள். எல்லாரும் நாப்கினைக் கையில் கிடைத்த காகிதத்தில் சுருட்டிப் போடுவார்கள். சுகப்பிரியா மட்டும் நூல் போட்டுக் கட்டிப் போடுவாள். ஏரல் பக்கத்துப் பெண், எதையும் அழுக்காக விட மாட்டாள். நூல் கட்டிய பொட்டலம் பொங்கலுக்குப் பிறகு தொட்டியில் விழவேயில்லை. பொங்கலுக்குத்தான் அவள் ஊருக்குப் போய்ப் புருஷனைப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டு நாள் முன்பு வாஷ்பேசினில் வாந்தி நாற்றம் அடித்தது. ரத்னா பினாயில் ஊற்றிக் கழுவும்போதே மனசுக்குள் கணக்குப் போட்டிருந்தாள். யாரிடமும் வாய் திறக்கவில்லை. அது அவள் வேலை இல்லை.

இப்போது அது அவள் வேலையாகிவிட்டது. தள்ளிப்போனதை இறக்குகிற வேர், தங்கியிருப்பதையும் இறக்கும்.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. பாட்டிலில் என்ன இருந்தது என்று யாருக்கும் தெரியாது. ஏதாவது ஆனால் கம்பெனி சாப்பாட்டின் மேலோ நின்றுகொண்டே வேலை செய்வதன் மேலோ பழி போகும். சொன்னால் கீழே உட்கார்ந்திருக்கும் வார்டன் காந்திமதி அன்றைக்கே சீட்டைக் கிழிப்பாள்; போலீஸ் வரைக்கும்கூடப் போகலாம். இதையெல்லாம் ரத்னா படிக்கட்டில் உட்கார்ந்து யோசித்தாள். பிறகு எழுந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "போன் போடு அவளுக்கு," என்றாள்.

"அவ காலை ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாக்கா. போன் லாக்கர்ல இருக்கும். லைன்ல எடுத்துட்டுப் போவ விட மாட்டாவ."

காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மத்தியானம் வரை ரத்னா துடைத்த தரையையே திரும்பத் துடைத்தாள். சோறு இறங்கவில்லை.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் வெயில் கொளுத்தியது. காலை ஷிஃப்ட் பஸ் வந்து நின்றதும் பெண்கள் கசங்கிப்போய் இறங்கினார்கள். அடுத்த ஷிஃப்டுக்கு ஏற வேண்டிய வேல்விழியும் அங்கே நின்றாள். சுகப்பிரியா இறங்கியதும் ரத்னா அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அந்த கஷாயத்த குடிச்சியா நீ?"

சுகப்பிரியா ரத்னாவைப் பார்த்தாள், பக்கத்தில் நின்ற வேல்விழியைப் பார்த்தாள். "குடிச்சேனே. ஏங்க்கா?"

"வயிறு வலிக்குதா? ரத்தம் எதுனா பட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஏட்டி, என்ன ஆச்சு?" என்று வேல்விழி குறுக்கே வந்தாள்.

"நீ பஸ் ஏறு," என்று அவளை ரத்னா பஸ்ஸுக்குள் தள்ளாத குறையாக ஏற்றிவிட்டாள். பஸ் நகரும் வரை நின்றாள். பிறகு சுகப்பிரியாவை டீக்கடைக்குப் பின்னால் கூட்டிப்போய்ச் சுற்றிவளைக்காமல் சொன்னாள்.

"நீ முழுகாம கீற. எனக்குத் தெரியும். நான் குடுத்தனுப்புன வேரு புள்ளத்தாச்சிக்கு ஆவாது. வா, டாக்டர்கிட்ட போலாம். என்னிய போலீஸ்ல குடுக்கறதா இருந்தாலும் அப்புறமா குடு."

சுகப்பிரியா செருப்பால் மண்ணைக் கிளறினாள். பிறகு, "குடிக்கலக்கா," என்றாள்.

"இன்னா?"

"பாத்ரூம்ல கொண்டு போயிக் கொட்டிட்டேன். வாங்க மாட்டேன்னா ஏன்னு கேப்பாளுவ. கேட்டா சொல்லணும். சொன்னா ராத்திரிக்குள்ள வார்டனுக்குத் தெரிஞ்சிரும். வயித்தத் தள்ளிக்கிட்டு இங்க இருக்கக் கூடாதுன்னு ஊருக்கு அனுப்பிருவாவ. வேலையும் போயிரும்."

"அப்போ உனக்கு முன்னாடியே தெரியும்?"

"தெரியும்க்கா. ஒருத்தர்ட்டயும் சொல்லல. அவியட்டக்கூடச் சொல்லல." அவியள் என்றால் அவள் புருஷன். "போன வாட்டி எல்லார்ட்டயும் சொன்னோம். பொறவு ஒவ்வொருத்தர்ட்டயா இல்லன்னு சொல்ல வேண்டியதாப் போச்சு."

ரத்னா டீக்கடைக்காரன் கவிழ்த்துப் போட்டிருந்த பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள். நிம்மதி வந்ததும் முதலில் வந்தது கோபம்தான்.

"மெய்யாலுமா சொல்ற? எனக்கோசரம் பொய் சொல்லலயே?"

"சத்தியமாக்கா."

"அதெல்லாம் ஆவாது. ஒரு தபா பாத்துட்டுதான் எனக்கு வூட்டுக்குப் போவ முடியும்."

பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன மருத்துவமனை இருந்தது. டாக்டரம்மா நடுத்தர வயதுக்காரர். ரத்னா எதையும் மறைக்கவில்லை. என்ன வேர் என்று கேட்டபோது மட்டும் குனிந்து, நர்ஸுக்குக் கேட்காதபடி பெயரைச் சொன்னாள்.

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இதக் கொண்டு போய் பாட்டில்ல குடுத்துவிட்டிருக்கீங்களே, தெரிஞ்சுதான் செஞ்சீங்களா?"

"தெரிஞ்சுதான்மா வந்துகீறேன்."

"குடிச்ச மத்த பொண்ணுங்களையும் நாளைக்கு வரச் சொல்லுங்க. ஒவ்வொருத்தரையும். யாரு எப்படி இருக்காங்கன்னு யாருக்குத் தெரியும்."

"நானே கூட்டியாறேன்."

பிறகு திரையை இழுத்துவிட்டார்கள். ரத்னா திரைக்கு இந்தப் பக்கம் நின்றாள். மெஷின் கரகரத்தது. ரத்னா கும்பிட நினைத்தாள். எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லை. அப்போது சத்தம் கேட்டது. ஓட்டைத் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி, அவ்வளவு அவசரமாக.

"இதுதான் துடிப்பு. நல்லா இருக்கு. வளர்ச்சியும் சரியா இருக்கு," என்றார் டாக்டரம்மா. சுகப்பிரியா இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றாள். இன்னொரு தடவை கேட்க வைத்தார்கள்.

வெளியே வந்ததும் ரத்னாவுக்குப் பசி பிராணனை வாங்கியது. எதிரே புரோட்டாக் கடை. "வா, துன்னுட்டுப் பேசலாம்."

"இருங்கக்கா, அவியட்ட சொல்லிருதேன்," என்று சுகப்பிரியா படியிலேயே உட்கார்ந்து போன் போட்டாள்.

"சாப்ட்டீயளா?... என்ன கொழம்பு?... இல்ல, சும்மாதான். ஷிஃப்ட் முடிஞ்சுது... அங்க வெயிலா?... இங்கயும் வெயில்தான்."

ரத்னா பொறுத்துப் பார்த்தாள். பேச்சு அத்தையின் முட்டிவலிக்குப் போய், அங்கிருந்து வேப்பமரம் வெட்டியதற்குப் போனது. சுகப்பிரியாவுக்குக் கண்ணீர் வழிகிறதே ஒழிய வார்த்தை வரவில்லை. புரோட்டாக் கடையிலிருந்து சால்னா வாசம் வந்தது. ரத்னா போனைப் பிடுங்கினாள்.

"யப்பா, உன் பொண்டாட்டி முழுகாம கீறா. மூணாம் மாசம். இப்பதான் துடிப்பு கேட்டுட்டு வரோம். நல்லா கீது."

ரத்னா லைன் கட்டாகிவிட்டதோ என்று போனைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு அவன் குரல், "நீங்க யாரு?" என்றது.

"ஹாஸ்டல் பெருக்குறவ," என்றாள் ரத்னா. போனைச் சுகப்பிரியா மடியில் போட்டுவிட்டு, அவள் பேசி முடிக்கக் காத்திராமல் ரோட்டைக் கடந்து போய் நான்கு புரோட்டா சொன்னாள்.