நாலாம் தடத்தில் மூன்று மில்லிமீட்டர்

டைல்ஸ் மேஸ்திரிக்கு வேலை நடக்கும் இடத்தில் ரசமட்டம் என்றுதான் பேர். முப்பது வருஷத்தில் அவர் பதித்த தரை எதிலும் தண்ணீர் கோணலாக ஓடியதில்லை. அந்தத் தலைக்கனமும் மனிதருக்குக் கொஞ்சம் உண்டு. அப்பேர்ப்பட்டவர் இன்று காலை நீச்சல்குளத்து ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு, சொந்த நாட்டுப் பெண் சாதனை செய்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருந்தார்.

நாற்பது நாடுகள் வந்திறங்கிய விளையாட்டுப் போட்டி. குளத்தை அளந்து சான்றிதழ் கொடுத்த பிறகு, நாலாம் தடத்துச் சுவரில் இரண்டு டைல்ஸ் உடைந்தன. அவசரம். பழைய பசையை உளியால் கொத்தி எடுக்காமல், அதன் மேலேயே புதுசை ஒட்டிவிட்டார். வேலை தெரிந்தவன் செய்கிற தப்பா அது? தண்ணீர் நிரப்பிய பிறகு மட்டப்பலகையை வைத்துப் பார்த்தால் ஆடியது. மூன்று மில்லிமீட்டர் புடைப்பு. ஐம்பது மீட்டருக்கு மேல் அந்தக் குளத்தில் மிச்சம் இருந்ததே ஒரு மில்லிமீட்டர்தான்; இப்போது நாலாம் தடம் இரண்டு மில்லிமீட்டர் குறைச்சல்.

சாதனை நிகழ்ந்தால் அந்தத் தடத்தை மறுபடி அளப்பார்கள். குறைந்தால் சாதனை செல்லாது. அதைவிட, குளத்து வேலையைப் பார்த்துக்கொண்ட என்ஜினீயர் அவர் மனைவியின் தம்பி. "மாமா ஒட்டினதை நான் அளக்கறதா?" என்று சிரித்துக்கொண்டே, அளக்காமல் கையெழுத்துப் போட்டவன். மேஸ்திரி வாயைத் திறந்தால் இரண்டு குடும்பத்தின் பிழைப்பிலும் மண்.

தகுதிச் சுற்று. நாலாம் தடத்தில் நம்ம பெண். கடைசித் திருப்பத்தில் அரங்கமே எழுந்து கத்தியது. நேரம் காட்டும் பலகையில் சாதனை நேரத்தைவிட முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மேஸ்திரி முணுமுணுத்தார். 'மெதுவா போ தாயே, மெதுவா போ.'

சுவரைத் தொட்டாள். முதலிடம். சாதனை மட்டும் விநாடியில் நூறில் ஒரு பங்கில் நழுவியது.

அரங்கம் 'அடடா' என்று அடங்கியது. மேஸ்திரி மட்டும் துள்ளி எழுந்து, தன்னை மறந்து கை தட்டினார்.

தண்ணீரிலிருந்து ஏறிய பெண், அத்தனை பேரில் கை தட்டுகிற ஒரே ஆளைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நேரே அவரிடம் வந்தாள்.

"ரொம்ப நன்றிங்க. நீங்க ஒருத்தராவது தட்டினீங்களே. சாயங்காலம் ஃபைனல்ல முடிச்சுக் காட்டறேன்."

அவருக்குத் தட்டிய கையை எங்கே ஒளிப்பது என்று தெரியவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மச்சினன் ஓடி வந்தான். "பாத்தீங்களா மாமா! சாயங்காலம் விடமாட்டா!"

"ஃபைனல்ல அவளுக்கு எந்தத் தடம்?"

"முதல்ல வந்தவளுக்கு எப்பவும் நாலுதானே."

மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னார்.

"இப்ப சொன்னா என் வேலை போயிடும் மாமா. அக்காகிட்ட என்ன சொல்வீங்க?"

"உன் வேலையத் தின்னவன் நான்னு சொல்றேன். பேச நேரமில்ல மாப்ளே, மணி பதினொண்ணு. தண்ணிய ரெண்டடி இறக்கச் சொல்லு. அப்படியே அளக்கறவங்களையும் கூப்பிடு."

அவன் அசையாமல் நின்றான். மேஸ்திரி பையிலிருந்து உளியை எடுத்துக்கொண்டு, சட்டையோடு குளத்தில் இறங்கினார்.

மேலே மச்சினன் போனைக் காதில் வைப்பது தெரிந்தது.